குளிர்ந்த தண்ணீர்

பதினெட்டு வருஷமாக
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நான்
திங்கட்கிழமைதான் பார்க்கிறேன்,
மொந்தேவிதேயோவில், மைதானத்துக்குப் பின்னால்,
தகரக் கொட்டகையில்.
இரண்டு மெஷின், ஒரு சிமெண்ட் தொட்டி,
கதவிடுக்கில் ஜூலை மாதக் குளிர்காற்று.

துணிக்குப் பொய் வராது.
ஏழாம் நம்பர் முழங்காலில் புல்:
பையன் சறுக்கிப் பந்தைப் பறித்திருக்கிறான்.
பத்தாம் நம்பர் வெள்ளைவெளேர்.
பத்திரிகையில் மட்டும் வியர்வை சிந்தியிருக்கிறான்.
நான்காம் நம்பர் காலரில் உதட்டுச்சாயம்.
ஆட்டத்துக்கு முன்னாலா பின்னாலா என்று
நான் கேட்பதில்லை.
ஸ்பிரிட் தொட்டு ஒற்றியெடுக்கிறேன்.
தேய்த்தால் பரவும்.

சேற்றை ஈரத்தோடு தொடக் கூடாது.
காய்ந்ததும் தட்டினால் பாதி தானே உதிரும்.
புல்லுக்கு வினிகர்.
மாத்தே இலைச்சாறு சிந்தினால் கிளிசரின்.
தைலப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு.
ப்ளீச்சைப் பூட்டிவைத்திருக்கிறேன்.
ஒருமுறை பொருளாளரின் மருமகன்
உதவி செய்கிறேன் என்று வந்தான்.
பதினொரு பச்சைப் பட்டையும் வெந்த கீரை.
அந்த சீசன் முழுக்க அப்படியேதான் ஆடினோம்.

போன ஞாயிறு நாலுக்குப் பூஜ்யம்.
நாலும் இடது மூலையில்.
விடிந்தால் ரொட்டிக்கடையில் இதே பேச்சு:
கோல்கீப்பர் வில்மார் விலைபோய்விட்டான்,
கறை படிந்த கை,
இந்தக் கடல் முழுக்கக் கொட்டினாலும் போகாது.
கறையைப் பற்றி எல்லோருக்கும்
எவ்வளவு தெரிந்திருக்கிறது!

கிளப் தலைவர் டான் அனீபல்
முதல்முறையாக என் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார்.
"அவன் உடுப்பை எடு, சுல்மா."
எடுத்தேன்.
வலப்பக்கம் தோள் முதல் இடுப்பு வரை களிமண்.
இடப்பக்கம்
கடையில் பிரித்த அன்று இருந்தது போலவே.
"பார், ஒருதரம்கூட அந்தப் பக்கம் பாயவில்லை."
அழுக்கு இல்லாததற்காக
ஒரு சட்டை மாட்டிக்கொண்டதை
அன்றுதான் கண்டேன்.

துவைக்காமல் மடித்து எடுத்துக்கொண்டார்,
ஏழு மணிக் கூட்டத்தில் காட்ட.
கால்சட்டையை விட்டுவிட்டார்.
கறுப்பில் என்ன தெரியப்போகிறது என்று.

கறுப்பைக் கண்ணால் பார்க்கக் கூடாது,
தண்ணீரிடம் கேட்க வேண்டும்.
தொட்டியில் போட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு இடது இடுப்பிலிருந்து
நூல் நூலாய்,
அவசரமில்லாமல்,
சிவப்பு இறங்கியது.
புறம் திருப்பிப் பார்த்தேன்.
உள்பக்கம் தடித்துக் காய்ந்திருந்தது,
வெளிப்பக்கம் லேசான நிழல்.
எவனும் உதைத்ததல்ல.
உள்ளிருந்து வந்தது.

ஆள் அனுப்பினேன். ஐந்து மணிக்கு வந்தான்.
உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.
"இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி நழுவியது.
ஏழு தையல். அங்கே சொன்னால் வேலை போகும்.
இங்கே சொன்னால் இடம் போகும்."
தொட்டியைப் பார்த்தான்.
"இது போய்விடுமா?"

போகும்.
ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது.
சூடு பட்டால் நூலோடு நூலாய் வெந்துவிடும்,
அப்புறம் கிழித்துத்தான் எறிய வேண்டும்.
குளிர்ந்த தண்ணீர், ஒரு கை உப்பு, பொறுமை.
ஊர் பேசுவது வேறு கறை.
அதற்கு இந்தத் தண்ணீரைத்தான்
எல்லோர் முன்னாலும் கொண்டுபோய் வைக்க வேண்டும்.
இரண்டையும் ஒரே நாளில் எடுக்க
என்னிடம் மருந்தில்லை.
"எது போகணும், வில்மார்?"

அவன் பேசவில்லை.
சன்னலுக்கு வெளியே பயிற்சிக்காரன் விசில் ஊதினான்,
யாரோ சிரித்தார்கள்.
இடது கையை இடுப்பில் வைத்தபடி
அவன் தொட்டியருகே நின்றான்.

மணி ஆறரை.
வழக்கமாக இதற்குள்
மூன்று தண்ணீர் மாற்றியிருப்பேன்.
அடைப்பை இன்னும் பிடுங்கவில்லை.